ஏன் கழற்றினீர்கள்? பழைய ரேஸ் பாகம் வாங்கப்போகும் அரவேணு தம்பிக்கு

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து அரவேணுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2008 ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். கோவையில் ட்ராக் ஓட்டும் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிய காயிலோவர் செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), 4-2-1 ஹெடர் (எஞ்சின் புகையை நான்கு குழாயிலிருந்து இரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்க்கும் பாகம்), ரேஸ் பிரேக் பேட் மூன்றையும் சேர்த்து 55,000 ரூபாய்க்குத் தருகிறாராம். தம்பி தன்னுடைய 15 அங்குல அலாய் சக்கரம் நான்கையும் விற்றுப் பாதிப் பணத்தைப் புரட்டலாம் என்றிருக்கிறார். "வாங்கலாமா அண்ணா? எதைப் பார்த்து வாங்கணும்? அலாயை எப்படி விக்கறது?" இவ்வளவுதான் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயிலோவரை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹெடரை மலிவாகக் கொடுத்தால் வாங்குங்கள். பேடைத் தொடவே வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசவும் வேண்டாம். மொத்த விலையில்தான் ஓட்டைச் சாமான் ஒளிந்துகொள்ளும்.

பழைய பாகம் வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. "ஏனுங்க கழட்டினீங்க?" என்பதுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டும். "காரை வித்துட்டேன், கம்பெனி சாமானைத் திரும்ப மாட்டிட்டேன்" என்றால் நல்ல பதில். "இதைவிடப் பெரிசு வாங்கிட்டேன்" என்பதும் நல்ல பதில்தான், புதிதாக மாட்டியதைக் காட்டினால். "வீட்டுல சத்தம் போடறாங்க" என்றால் அதைவிட உண்மையான காரணம் உலகத்தில் கிடையாது, நம்பி வாங்கலாம். "சும்மா கிடக்குதுங்க" என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த காரில் இருந்தது, அந்த கார் இப்போது எங்கே? கார் மோதி உடைந்தது என்று தெரிந்தால் காற்று வடிகட்டி, மீட்டர், சீட் கவர் வாங்கலாம். சக்கரம், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் வாங்கக் கூடாது. அடிபட்ட இரும்பு கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். வளைவில்தான் உண்மை சொல்லும்.

அடுத்து, இந்தப் பாகங்கள் மலைக்கு வந்தால் என்ன செய்யும் என்பது. கோவையில் ஓட்டுபவருக்கும் நமக்கும் இங்கேதான் வித்தியாசம். உங்கள் ஸ்விஃப்ட் கம்பெனியிலிருந்து வரும்போது 87 குதிரைத்திறன். அது கடல் மட்டத்துக் கணக்கு. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் காற்றை அதே அளவில் இழக்கும், சக்தியையும் இழக்கும். 87 என்பது 70 பக்கம் வந்து நிற்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் குறையும். ஹெடர் கூட்டித் தருவது விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைத்திறன். மலை எடுத்துக்கொண்டதில் பாதியைக்கூட அது திருப்பித் தராது. அதனால்தான் ஹெடரை மலிவாக இருந்தால் மட்டும் வாங்கச் சொன்னேன். வாங்கினால் எஞ்சினோடு சேரும் தட்டையான ஃபிளேஞ்சில் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், இடைவெளி தெரிந்தால் கோணிவிட்டது. குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டை ஒட்டி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, ஆக்ஸிஜன் சென்சார் மாட்டும் மரை கெடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். காந்தம் வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அளக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பாதிதான் சரி. 304 கிரேடில் காந்தம் ஒட்டாது, உண்மை. மலிவான 202 கிரேடிலும் ஒட்டாது. கார் கம்பெனிகளே சைலன்சருக்குப் போடும் 409 கிரேடில் ஒட்டும். காந்தத்தை வைத்து விலையை ஏற்றுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பேடு ஏன் வேண்டாம்? ரேஸ் பேடு சூடேறிய பிறகுதான் பிடிக்கும். செட்டிபாளையம் கரி ட்ராக்கில் இரண்டு சுற்று ஓட்டியதும் அது அற்புதமாக வேலை செய்யும். நீங்கள் டிசம்பர் காலை ஆறு மணிக்கு, வண்டி மேல் பனி வெள்ளையாக உறைந்திருக்க, வீட்டிலிருந்து இறங்கி முதல் வளைவுக்கு வருகிறீர்கள். அங்கே மிதித்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். டிஸ்கையும் தின்றுவிடும். அந்தக் காசுக்கு பிரேக் ஆயிலை மாற்றுங்கள். நம்மூரில் பிரேக் ஆயிலை வண்டி வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரமேறினால் 155. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கிய சுற்றுலா வண்டிகள் மசினகுடிக்கு மேலே புகைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயில் கொதித்து உள்ளே குமிழ் வந்துவிட்டால் எந்த ரேஸ் பேடும் காப்பாற்றாது, பெடல் தரைவரை போகும். புது டாட் 4 ஆயில், கம்பெனி பேடு, இரண்டாவது கியர். நீலகிரியில் இதைவிட நல்ல பெர்ஃபார்மன்ஸ் சாமான் எனக்குத் தெரியாது.

காயிலோவருக்கு வருகிறேன், இதில்தான் உங்கள் பணம் போகப்போகிறது. நான் ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறை வாசலில் வைத்து ஒரு செட்டைப் பார்த்தேன். விற்பவர் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். "ஒரு சொட்டு ஆயில் லீக் இல்லீங்க, நீங்களே பாருங்க." பார்த்தேன், லீக் இல்லை. பிறகு தூசுக்காகப் போட்டிருக்கும் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, ராடின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே இழுத்தேன். பாதியில் நகம் தட்டியது. குரோம் பூச்சில் குண்டூசி முனை அளவு அரிப்பு, நாலைந்து இடத்தில். கண்ணுக்கு அழுக்கு மாதிரிதான் தெரியும். அந்த முனை ஒவ்வொரு முறை சீலுக்குள் போய்வரும்போதும் சீலை அறுக்கும். இன்று லீக் இல்லை, மூன்று மாதத்தில் இருக்கும். விற்பவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முகம் வாடிவிட்டது மனிதருக்கு. ரீபில்ட் செலவைக் கழித்து ஒரு விலை சொன்னேன், ஒத்துக்கொண்டார், இன்றுவரை பார்த்தால் சிரிக்கிறோம்.

ஆகவே நகத்தை மறக்காதீர்கள். அப்புறம் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு ராடை முழுக்க அழுத்தி மெதுவாக விடுங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் எங்காவது திடீரென்று லேசாகிப் போனால் உள்ளே வால்வோ ஆயிலோ போய்விட்டது. இடது வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், ஒன்று ஒருமாதிரி இன்னொன்று வேறுமாதிரி இருந்தால் வேண்டாம். உயரத்தை மாற்றும் காலர்களைக் கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நம்மூர் மூடுபனியில் ஒரு வருஷம் இருந்த காலர் மரையோடு மரையாக இறுகிப்போயிருக்கும். காயிலோவர் வாங்குவதே உயரத்தை மாற்றத்தான், அது திரும்பாவிட்டால் எதற்கு?

ஸ்பிரிங் எத்தனை கிலோ என்றும் கேளுங்கள்; எடை அல்ல, அதை ஒரு மில்லிமீட்டர் அழுத்த எத்தனை கிலோ சுமை வேண்டும் என்பது. பல கம்பெனிகள் ஸ்பிரிங்கிலேயே அச்சடித்திருப்பார்கள். ட்ராக் ஆட்கள் 8, 10 கிலோ போடுவார்கள். ட்ராக் தார் வழுவழுப்பு. குஞ்சப்பனைச் சாலையில் மழைக்காலம் முடிந்து ஒட்டுப்போட்ட இடங்களில் அந்த ஸ்பிரிங்கோடு போனால் டயர் தரையில் நிற்பதைவிடக் காற்றில் நிற்பதுதான் அதிகம். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? அந்த மாதிரி என்றால் டேம்பரை (ஷாக் அப்சார்பர் பகுதியை) மட்டும் எடுத்துக்கொண்டு மென்மையான ஸ்பிரிங் தனியாகத் தேடலாம், அல்லது விட்டுவிடலாம். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கும் ஆசை இருந்தால் உங்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, போகும் கான்கிரீட் சாலையின் திருப்பத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இனி அலாய். இதில் எனக்கே ஒரு சூடு உண்டு.

அப்போது நான் வைத்திருந்தது ஃபியட் பேலியோ 1.6. அருமையான வண்டி, பாகம்தான் கிடைக்காது. கீழே ஒரு பழைய சாமான் கடையில் நான்கு அலாய் பார்த்தேன், மாட்டிப் பார்த்தோம், உட்கார்ந்தது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். ஒன்றல்ல. பேலியோவின் போல்ட் வட்டம், அதாவது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், 98 மில்லிமீட்டர், அந்த அலாய் 100. வட்டத்தில் இரண்டு மில்லி என்றால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லி தள்ளியிருக்கிறது. ஃபியட்டுக்கு நட் கிடையாது, போல்ட்தான். அது சாய்ந்தபடியே உள்ளே போய் இறுகிவிட்டது. கல்லாறு தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பர்லியாறுக்கு மேலே ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மரப்பாலம் பக்கம் ஒரு வளைவில் முன் இடது பக்கத்திலிருந்து டக், டக் என்று சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் நான்கு போல்ட்டில் இரண்டு கையாலேயே திருப்பலாம்போல் இருந்தது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் சக்கரம் எனக்கு முன்னால் பள்ளத்துக்குப் போயிருக்கும். ஸ்டெப்னி ஒன்றுதான். இன்னொரு ஒரிஜினல் சக்கரத்தை நண்பர் பைக்கில் தூக்கிக்கொண்டு வரும்வரை குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அலாய் விற்கும்போது நீங்கள் எழுத வேண்டிய முதல் விஷயம் போல்ட் வட்டம். ஸ்விஃப்டுக்கு 4×100, அதாவது நான்கு ஓட்டை, 100 மில்லி வட்டம். போலோக்காரர் கேட்டால் 5×100, ஐந்து போல்ட், பொருந்தாது. ஃபோர்டு ஐகான்காரர் கேட்டால் 4×108. அடுத்து அகலம், ஆஃப்செட் எண் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பது), நடு ஓட்டையின் அளவு. இதெல்லாம் சக்கரத்தின் உள்பக்கத்திலோ ஸ்போக்கின் பின்னாலோ பொறித்திருக்கும். துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். உள்விளிம்பைக் கட்டாயம் படம் எடுங்கள், ஏனென்றால் குழியில் விழுந்த அலாய் முதலில் உள்பக்கம்தான் வளையும், வெடிக்கும். வெளியே கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். எங்காவது வெல்டு வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் வெல்டு வைத்த அலாய் வாங்க மாட்டேன், ஆனால் சொல்லி விற்கிறவரிடம் வேறு சாமான் வாங்குவேன். கோத்தகிரியிலிருந்து கூடலூர் வரை கார் பைத்தியங்கள் நாங்கள் எத்தனை பேர்? காலையில் ஒருவரை ஏமாற்றினால் சாயங்காலம் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

டயரோடு விற்பதானால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் போடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்ராக் ஆட்கள் தள்ளிவிடும் செமி ஸ்லிக் டயர் (காடி குறைவாக உள்ள ட்ராக் டயர்) பார்க்க ஆசையாக இருக்கும். பலமுறை சூடேறி ஆறிய ரப்பர் கெட்டியாகிவிடும், காடி ஆழம் இருந்தும் பிடிப்பு இருக்காது. அதிலும் உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். அந்தத் தண்ணீரில் செமி ஸ்லிக் போட்டு ஓட்டுகிறவருக்குத் துணிச்சல் அதிகம், அவ்வளவுதான் சொல்வேன். நட், போல்ட், நடு வளையம், மூடி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டிச் சக்கரத்தோடு கொடுங்கள். வாங்குபவர் அதற்காகவே உங்களை ஞாபகம் வைத்திருப்பார்.

இடையில் ஒரு வார்த்தை, உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் டர்போ கார்காரர்களுக்கு. மலையில் ஓடிய காரின் டர்போ, அதே பூஸ்டை (எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை) தர மெல்லிய காற்றில் கூடுதல் வேகத்தில் சுழன்றிருக்கும். ஆகவே கிலோமீட்டர் குறைவு என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடுவது இயல்பு, உள்ளே ஆயில் இல்லாதபோது அப்படித்தான். முன்னும் பின்னுமாக இழுத்தால் கையில் ஆட்டம் தெரியக் கூடாது. விசிறி இலைகளின் நுனி சுவரில் உரசிய கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். ரேஸ் சீட் பெல்ட்டிலும் காலாவதி ஆண்டு தைத்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய ஏர்பேக் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பில் விஷயம். காயிலோவரின் சீரியல் நம்பரோடு முதல் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விற்பவரின் பழைய காரில் அது மாட்டியிருக்கும் படங்களாவது இருக்க வேண்டும். ட்ராக் ஓட்டுகிறவர் படம் எடுக்காமல் இருப்பாரா? உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எஞ்சின், கியர்பாக்ஸ், இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) பக்கம் போகாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் வாங்கியவர் மேலும் வழக்கு வரும். எஞ்சினையே மாற்றும் எண்ணம் பின்னால் வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை ஞாபகம் வையுங்கள்: ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் சொல்லாமல் செய்த மாற்றம் கிளைம் நேரத்தில்தான் எழுந்து நிற்கும்.

பணம். நேரில் பார்த்து, கையில் வாங்கிய பிறகுதான். முன்பணம் கேட்டால் ஐந்நூறு, ஆயிரம், அதற்கு மேல் கிடையாது. அலாய் விற்கும்போது இன்னும் கவனம்: பணம் *வாங்க* யுபிஐயில் பின் நம்பர் போடவே வேண்டாம். "க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனி வேஷம் உண்டு. "ராணுவத்தில் இருக்கிறேன், வெலிங்டனிலிருந்து மாற்றல்" என்று சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள். வெலிங்டனில் பயிற்சிக் கல்லூரி இருப்பதால் ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகள் மாறிப்போகிறார்கள், நல்ல சாமானை நியாயமான விலைக்கு விட்டுவிட்டும் போகிறார்கள்; நம்புவதற்கு ஏற்ற கதை. நிஜமான அதிகாரி வந்து பாருங்கள் என்பார். போலி ஆள் வரவே விடமாட்டார், பார்சலில் அனுப்புகிறேன், முதலில் பணம் என்பார். அதுதான் அடையாளம்.

விலைக்கு என் கணக்கு இது. அதே காயிலோவர் செட் புதிதாக என்ன விலை என்று பில்லில் பாருங்கள். ரீபில்ட் செய்யக்கூடிய, நல்ல நிலையில் இருக்கும் செட்டுக்குப் பாதி விலை. பில் இல்லையென்றால் அதற்கும் கீழே. உதிரி சீல் கிடைக்காத பிராண்ட் என்றால் கால்பங்குக்கு மேல் போக மாட்டேன், எத்தனை பளபளப்பாக இருந்தாலும். ஹெடருக்கு உங்களுக்கு எது போனாலும் வருத்தமில்லையோ அந்தத் தொகை. பேடை அவரே வைத்துக்கொள்ளட்டும். கொசுறாகக் கொடுத்தாலும் காரில் மாட்டாதீர்கள்.

அவரை மேலே வரச் சொல்லாதீர்கள். வெளியூர் வண்டி நீலகிரிக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், உங்கள் வண்டிக்கு வேண்டாம். நீங்கள் இறங்குவது சுலபம். மேட்டுப்பாளையத்தில் பிட் (காருக்கு அடியில் நின்று பார்க்கும் பள்ளம்) இருக்கிற ஒரு பட்டறையில் சந்தியுங்கள், பட்டறைக்காரருக்கு நூறோ இருநூறோ கொடுத்துவிடலாம். சனி, ஞாயிறு வேண்டாம். டார்ச், பழைய துணி, வெர்னியர், கொக்கி ஸ்பேனர் எடுத்துப் போங்கள். ஒரு பக்கத்து டேம்பரை உங்கள் காரில் வைத்துப் பார்த்து, மேல் மவுண்ட் ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அங்கேயே முழுவதையும் மாட்டிவிட்டால் அலைன்மென்டையும் கீழேயே பார்த்துவிட்டு ஏறுங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். நகத்தில் தட்டினால் மட்டும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், எவ்வளவு கழிக்கலாம் என்று சொல்கிறேன்.